முப்பிடாதிக்கு விடியும் நேரம்

கயிறு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, பாவாடை நாடாதான். கடையில் விற்கிற கயிறு விரலை அறுக்கிறதென்று ஜெபசீலி தன் பழைய உள்பாவாடையிலிருந்து உருவி, துவைத்து, இரண்டு முனையிலும் சுருக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒரு சுருக்கு அவளுடைய இடது கையில், இன்னொன்று முப்பிடாதியின் வலது கையில், நடுவில் ஒரு சாண். பாளையங்கோட்டை மைதானத்தின் சிவப்புத் தடத்தில் அந்த ஒரு சாண் நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம், பிறந்ததிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம்கூடப் பார்த்திராத இந்தப் பெண் தன்னை நம்பித்தான் காலைத் தூக்கி வைக்கப் போகிறாள் என்ற நினைப்பு வந்து ஜெபசீலி சுருக்கை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொள்வாள். இன்றைக்கு அந்த நினைப்போடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாயங்காலத்துக்குள் மாநிலத் தேர்வுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாக வேண்டும். முப்பிடாதியோ இரண்டு வாரமாகக் காலையில் ஓடி முடித்ததும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறாள், போதும்க்கா, விட்டுருவோம். இன்றும் அதையே சொன்னால் விட்டுவிட வேண்டியதுதான், எத்தனை நாளைக்கு ஒருத்தியைக் கெஞ்சிக் கெஞ்சி ஓடவைப்பது, ஓடுகிறவளுக்கே வேண்டாமென்றால் கூட ஓடுகிறவளுக்கு மட்டும் என்ன வந்தது என்று பஸ்ஸில் வரும்போதே தனக்குள் வீராப்பாகப் பேசிக்கொண்டு வந்தாள். அந்த வீராப்பெல்லாம் மைதான வாசலோடு சரி. உள்ளே வந்து, பைக்குள்ளிருந்து ஷூவை எடுத்து, எந்தக் கால் எது என்று ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டிருந்த முப்பிடாதியைப் பார்த்ததும், ஐயோ இவளை விட்டுவிடவா என்றுதான் வந்தது.

முதல் சுற்று. மைதானத்தை ஒரு முழு வட்டம், முழு வேகம், பிறகு மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம், பிறகு மறுபடியும். இப்படி நாலு. நேர்... நேர்... வளைவு வருது, வளைவு, இடது, இடது, அப்படியே. ஓடிக்கொண்டே பேச வேண்டும், ஓடுகிறவளுக்கு வாய் சும்மா, கூட வருகிறவளுக்குத்தான் வாயும் காலும் ரெண்டும். ஆரம்பத்தில் ஜெபசீலி வழியை மட்டும் சொல்லாமல் உலகத்தையே சொல்லிக்கொண்டு ஓடினாள். அந்தா ஒருத்தர் நடக்கிறார், அந்தா வேப்பமரம், சூரியன் வந்துட்டு பாரு. முப்பிடாதிதான் ஒரு நாள், யக்கா, சூரியனையெல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்க, எனக்கு வளைவை மட்டும் சொல்லுங்க என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, வேண்டாத சாமானை எடுத்து ஓரமாக வைக்கிற மாதிரி சொன்னாள். அவளுடைய காலடிச் சத்தம் கேட்கவே தனி அழகு. ஜெபசீலியும் ஓடினவள்தான், கல்லூரிக் காலத்தில் மாவட்டப் போட்டிகளில் எல்லாம் ஓடி, எல்லாவற்றிலும் இரண்டாவதாக வந்தவள், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பத்துப் பதினைந்து வருஷத்தில் எத்தனையோ கால்களைப் பார்த்துவிட்டாள். கண் தெரிந்தவர்கள் எல்லோரும் தரையை ஏதோ கடன்காரனைப் போல முறைத்துக்கொண்டே ஓடுகிறார்கள், இவள் தலையை நிமிர்த்திக்கொண்டு, எதிரே என்ன இருந்தாலும் அதுதான் விலகிக்கொள்ள வேண்டும் என்பதைப்போல ஓடுகிறாள். நேர்... இன்னும் நேர்... கோடு. நின்றார்கள். முப்பிடாதி இடுப்பில் கைவைத்துக் குனிந்துகொண்டாள். நாடா இரண்டு பேரையும் விடவில்லை.

நாடாவைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு, அது இவர்களுக்குள் ஒரு வழக்கம். எப்படி இருக்கு என்று ஜெபசீலி கேட்க வேண்டும், முப்பிடாதி கையால் தொட்டுப் பார்க்கிற ஏதாவது ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். நல்லாருக்கு, நல்லால்ல என்றெல்லாம் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும் என்று முப்பிடாதி கண்டுபிடித்த வழி. சென்ற வருஷம் ஓடத் தொடங்கின புதிதில் காலையில் மூச்சிரைக்க நின்றுகொண்டு அவள் சொன்ன சாமான்களை நினைத்தால் ஜெபசீலிக்கு இப்போதும் சிரிப்பு வரும். அப்பத்தான் இஸ்திரிப் பெட்டி போட்ட சேலை. உரிச்ச நுங்கு. ஒரு நாள், பூனை வயிறு. அந்த நாட்களில் ஓடி முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், வியர்வையோடு அப்படி ஒரு துலக்கம், தான் வேலைபார்க்கிற பேங்கில் மேனேஜர் இருமுவதிலிருந்து எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவாள். பிறகு மெதுவாக, ஏன் எதற்கென்று தெரியாமல், காலைகள் கெட்டுப்போயின. ஈரச் சாக்கு என்றாள். மறுநாளும் ஈரச் சாக்கு. சரி, காலை நேரம் ஒத்துக்கொள்ளவில்லைபோல என்று ஜெபசீலி பயிற்சியை மாலைக்கு மாற்றினாள். மாலையில் மறுபடியும் பூனை வயிறு, மேனேஜர் இருமல். அப்பாடா என்று இருந்தது. சில வாரம்தான், அதற்குள் மாலைகளும் கெட்டன, துருப்பிடித்த தகரம் என்றாள், பழைய பிரஷ் என்றாள். மறுபடி காலைக்கு மாற்றினார்கள், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, இப்போது மறுபடியும் சாக்கு. இதில் வேடிக்கை, ஒரு சுற்றுக்கு ஆகிற நேரம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, சாக்கு நாளிலும் நுங்கு நாளிலும் ஓடுகிற ஓட்டம் ஏறக்குறைய அதேதான். ஓடி முடித்தபிறகு வருகிற மனசுதான் தலைகீழ். ஒரே ஓட்டம், ஒரே கால், ஒரே மைதானம். அப்படியென்றால் மிச்சம் இருப்பது யார், நான்தானே என்று ஜெபசீலிக்குத் தோன்றாமல் எப்படி இருக்கும்.

"எப்படிட்டி இருக்கு?"

"சாக்குதாங்க்கா."

"ஈரச் சாக்கா?"

"ஈரம் காயவே இல்ல."

இரண்டாவது சுற்று. நேர்... நேர்... வலப்பக்கம் நடக்கிறவர்கள் இருந்தார்கள், கையை முன்னும் பின்னும் வீசி, ஊர் நியாயம் முழுவதையும் பேசிக்கொண்டு நடக்கிற பென்ஷன்காரர்கள். அதில் ஒருவர் முப்பிடாதியைப் பார்க்கும்போதெல்லாம் பாவம் என்று ஒரு உச்சுக் கொட்டுவார், நுங்கு நாட்களில் முப்பிடாதி அதற்கு, அவரு வயித்தைத் தொட்டுப் பாத்தா யாரு பாவம்னு தெரிஞ்சிரும்க்கா என்று அவர் காதில் விழும்படியே சொல்வாள். இன்றும் உச்சுக் கொட்டினார். முப்பிடாதி ஒன்றும் சொல்லவில்லை. வளைவு, இடது, இடது. அவள் ஒன்றும் சொல்லாதது ஜெபசீலிக்கு முள்ளாகக் குத்தியது. நான்தான் காரணம், சந்தேகமே இல்லை, என் குரலில் ஏதோ இருக்கிறது, அவசரமோ சலிப்போ, வீட்டில் உலை வைத்துவிட்டு வந்தவளின் பரபரப்போ ஏதோ ஒன்று இந்த ஒரு சாண் நாடா வழியாக அவளுக்குள் இறங்குகிறது, கண் தெரியாதவளுக்கு நாடா போதாதா, அதிலேயே என்னை முழுசாகப் படித்துவிடுவாளே. எப்போதும் இரண்டாவதாக வந்தவள், தோற்றுத் தோற்றுப் பழகினவள், அந்தத் தோல்வியைத்தான் இவளுக்கும் தொற்றவைக்கிறேனோ. தூத்துக்குடியில் ஒரு பெண் இருக்கிறாளாம், கல்லூரியில் படிக்கிறவள், நல்ல வேகமாம், கூட ஓட ஆசைப்படுகிறாளாம். நாடாவை அவள் கையில் கொடுத்துவிடலாம். புது நாடாவாகவே வாங்கிக்கொள்ளட்டும், இந்தப் பாவாடை நாடாவை என்னத்துக்குக் கொடுக்க வேண்டும், இது என்னிடமே இருக்கட்டும். அப்படி நினைத்துக்கொண்டே வந்ததில் நேர் என்று சொல்லக் கொஞ்சம் பிந்திவிட்டாள், முப்பிடாதி ஒரு கணம் தடுமாறி உடனே நிமிர்ந்துகொண்டாள், பார்த்தாயா, பார்த்தாயா, இதுதான் நான் சொன்னது என்று ஜெபசீலி தன்னையே திட்டிக்கொண்டாள். கோடு.

இந்தத் தடவை எப்படி இருக்கு என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்காமல் விட்டாள். தண்ணீர் பாட்டிலை முப்பிடாதியின் கையில் கொடுத்தாள், அவள் குடித்துவிட்டுத் தலையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள். சாதாரணக் கொட்டாவி இல்லை, தாடை கழன்றுவிடும்போல, கண்ணில் தண்ணீர் வர, உடம்பு முழுவதும் சேர்ந்து விட்ட கொட்டாவி. நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டிருக்கும்போது யாருக்காவது கொட்டாவி வருமா. இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்றிருந்தது ஜெபசீலிக்கு. எங்கே. மூன்றாவது சுற்றுக்குக் கோட்டில் நிற்கும்போது ஞாபகம் வந்துவிட்டது, நம்ம தாஸ். கிறிஸ்துதாஸ் அவளுடைய வீட்டுக்காரர், நூல் மில்லில் ஷிப்ட் வேலை. ராத்திரி ஷிப்ட் வாரத்தில் விடியற்காலையில் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இப்படித்தான் ஒரு கொட்டாவி விடுவார். கல்யாணமான புதிதில் ஜெபசீலிக்கு இதெல்லாம் தெரியாது. அப்படி ஒரு காலையில் வந்து நின்றவரிடம் ஆசை ஆசையாக, வீடு மாறலாமா, தங்கச்சி தெருவில் ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று கேட்டாள். எந்த வீட்டுல இருந்தா என்ன, எல்லாம் மண்ணாத்தான் போவும் என்று அந்த மனுஷர் சொன்னதைக் கேட்டு, இவரையா கட்டிக்கொண்டோம் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மத்தியானம் தூங்கி எழுந்துவந்து, காலைல என்னமோ வீடுன்னியே, போயிப் பாப்பமா என்று பூப்போலக் கேட்கிறார். அன்றைக்குப் படித்த பாடம்தான், ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவனிடம் எதையும் கேட்காதே, தண்ணீரைக் கொடு, படுக்கையைப் போடு, பேச்சை மத்தியானத்துக்கு வைத்துக்கொள். வளைவு, இடது, இடது. அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறார்கள், நல்ல காற்று. நேர்... நேர்...

அந்த நேரில்தான், எதிர்க்காற்று முகத்தில் அடிக்க, தோசை ஞாபகம் வந்தது. முந்தாநாள் ராத்திரி இரண்டு மணிக்கு முப்பிடாதி போனில் பேசி அனுப்பியிருந்தாள், காலையில்தான் ஜெபசீலி கேட்டாள். யக்கா, தோசை சுட்டுத் தின்னுக்கிட்டிருக்கேன், தெரு நாயெல்லாம் கூடிக் கச்சேரி வச்சிருக்கு, பாட்டு உங்க பாட்டை விடத் தேவல. அவ்வளவு உற்சாகமான குரல். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தால் இங்கே ஈரச் சாக்கு நிற்கிறது. இவள் என்னிடம் மட்டும்தான் மூஞ்சியைத் தூக்குகிறாள் என்று அன்று வயிறு எரிந்தது. இரண்டு மணிக்குத் தோசை. ஆறு மணிக்குக் கொட்டாவி. தாஸ். ஷிப்ட். ஜெபசீலியின் கால் ஓடிக்கொண்டுதான் இருந்தது, வாயும் வளைவு வளைவு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது, உள்ளே மட்டும் யாரோ கதவைத் தட்டுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டியது. மாலைக்கு மாற்றியதும் நன்றாக இருந்தது, பிறகு மாலையும் கெட்டது. காலை நன்றாக இருந்தது, கெட்டது. கெட்டுப்போகவில்லை, நகர்ந்துகொண்டிருக்கிறது. எனக்குச் சூரியன் இருக்கிறது, தினமும் காலையில் வந்து கன்னத்தில் தட்டி எழுப்பி, இதுதாம்மா காலை என்று உடம்புக்குச் சொல்கிறது. இவள் உடம்புக்கு யார் சொல்வது? சூரியனை நீங்களே வச்சுக்கிடுங்க என்றாளே. அடி பாவி, நான் என் விடியலையல்லவா இவளுக்கும் விடியலென்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு உள்ளே ஒரு கடிகாரம், அது தன்பாட்டுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி இரவு பகல் முழுவதையும் சுற்றிக்கொண்டு வருகிறது, யாரும் போடாத ஷிப்ட். அப்படியென்றால் இப்போது இவளுக்கு... கோடு. அவசரத்தில் ஜெபசீலி கோட்டை முதலில் மிதித்துவிட்டாள். கூட ஓடுகிறவள் ஓடுகிறவளுக்கு முன்னால் கோட்டைத் தாண்டவே கூடாது, போட்டியாக இருந்தால் இரண்டு பேரும் வெளியே. நல்லவேளை பயிற்சி.

"என்னக்கா, என்னை விட்டுட்டுப் போறீங்க?" என்றாள் முப்பிடாதி, குனிந்தபடியே.

"போகமாட்டேன்ட்டி."

கடைசிச் சுற்று. இப்போது ஜெபசீலி வழியைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை, குரல் தானாகத் தணிந்திருந்தது. பக்கத்தில் ஓடுகிற முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். வெயில் விழுந்து அந்த முகம் பளபளத்தது, ஆனால் அங்கே நடுச்சாமம். நடுச்சாமத்தில் ஒருவர் வந்து என்னை உலுக்கி எழுப்பி, வா ஓடலாம், மெதுவாக இல்லை, நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஓட வேண்டும், ஒரு தடவை இல்லை, நாலு தடவை என்றால் நான் போவேனா? போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, போய்யா வேலையைப் பார்த்துக்கொண்டு என்பேன். இவள் எழுந்து, குளித்து, பஸ் பிடித்து, எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்து ஷூ மாட்டியிருக்கிறாள். ஒரு நாள் தவறியதில்லை. சாக்கு என்று சொன்னாளே ஒழிய வரமாட்டேன் என்று சொன்னதில்லை. மனசு கிடந்து வேண்டாம் வேண்டாம் என்று அழும்போதும் கால்களை மட்டும் எப்படிக் கழற்றித் தனியாக எடுத்து ஓடவிட்டாள் இவள். ஜெபசீலிக்குக் கண் கலங்கியது, கலங்கிய கண்ணோடு வழி சொல்லக்கூடாதென்று தோளில் துடைத்துக்கொண்டாள். எத்தனை ஓட்டக்காரர்களைப் பார்த்தாயிற்று, பதக்கம் வாங்கினவர்கள், வாங்கிவிட்டு அலட்டினவர்கள், அத்தனை பேரையும் இந்த ஒருத்திக்குப் பின்னால் நிறுத்தலாம். நானெல்லாம் இவளுக்கு வழிகாட்டுகிறேனாம். வளைவு, இடது, இடது, நேர், நேர், நேருட்டி, நேரு, கடைசிப் பத்தடி. முப்பிடாதி இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாள், எங்கிருந்து எடுத்தாளோ. நாடா முன்பக்கமாக விறைத்தது. ஜெபசீலி அரை அடி பின்வாங்கி அவளை முன்னால் விட்டாள். வாழ்நாள் முழுவதும் இரண்டாவதாக வந்ததில் அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் ஒருநாளும் இருந்ததில்லை.

முப்பிடாதி தடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெபசீலியும் கூட உட்கார வேண்டியிருந்தது, நாடா இருக்கிறதே.

"கேளுங்கக்கா. எப்படி இருக்குன்னு."

"அதைக் கேக்கல. உனக்கு இப்ப மணி என்னட்டி?"

"ஆறரை இருக்கும். ஏன், உங்ககிட்ட வாட்ச் இல்லையா?"

"ஊருக்கு ஆறரை. உனக்கு என்ன மணி?"

முப்பிடாதி ஜெபசீலியின் பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்பதுபோலக் குரலை இறக்கி, "ரெண்டு ரெண்டரை இருக்கும்க்கா. நல்ல ராத்திரி" என்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்ட்டி இத்தனை நாளா சொல்லல?"

"என்னன்னு சொல்ல? சின்னப்பிள்ளையில கண்ணு தெரியாதவோ பள்ளிக்கூடத்து ஆஸ்டல்ல பெல் அடிச்சா எந்திக்கணும். சில வாரம் பெல்லுக்கு முன்னாடியே நான் முழிச்சுக் கிடப்பேன், சில வாரம் செத்தாலும் எந்திக்க முடியாது. வார்டனம்மா சோம்பேறி சோம்பேறின்னு அடிப்பாவோ. மத்த பிள்ளைகளுக்கெல்லாம் கொஞ்சமாச்சும் வெளிச்சம் தெரியும், எனக்கு மட்டுந்தான் சுத்தமா கிடையாது. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு எந்திக்காவோ, நமக்குத்தான் பலம் பத்தலன்னு நினைச்சுக்கிட்டேன்."

பலம் பத்தவில்லையாம். ஜெபசீலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த வார்டனம்மா இப்போது எதிரே வந்தால் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி இந்த மைதானத்தை ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று ஓடச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"நடுச்சாமத்துல எதுக்குட்டி பஸ் ஏறி வந்த?"

"நீங்க வந்திருப்பியள்லா" என்றாள் முப்பிடாதி.

நடக்கிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள், உச்சுக் கொட்டுகிறவர் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இரட்டை உச்சாகக் கொட்டிவிட்டுப் போனார். அவர் தாண்டிப் போனதும் முப்பிடாதியே ஆரம்பித்தாள், "பேரைக் குடுக்காதீங்கக்கா, போதும், விட்டுருவோம்" என்று. அதே பாட்டு, அதே ராகம். பஸ்ஸில் வரும்போது இந்தச் சொல்லைக் கேட்கத்தானே ஜெபசீலி பயந்தாள், இப்போது கேட்டபோது மில்லிலிருந்து வந்து வாசலில் நிற்கிற தாஸைத்தான் பார்த்தாள்.

"ராத்திரி ரெண்டு மணிக்குச் சொல்லுத பேச்சு என் காதுல ஏறாது. உனக்கு எப்ப விடியும்?"

"பேங்குல டோக்கன் குடுக்க ஆரம்பிச்ச பொறவுதான். பத்து மணி ஆவும்."

"அப்பச் சொல்லு. அதுவரைக்கும் நான் கேக்கமாட்டேன், நீயும் சொல்லக்கூடாது."

"விடிஞ்ச பொறவும் வேண்டாம்னுதான் சொன்னேன்னா?"

"அப்ப விட்டுருவோம். சத்தியமா."

சொல்லிவிட்டாளே தவிர, கழற்றிய நாடாவைப் பையில் வைக்காமல் ஜெபசீலி தன் மணிக்கட்டிலேயே சுற்றிக்கொண்டாள். சொன்னால் சொன்னதுதான், விடிந்தபிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடத்தான் வேண்டும். மைதானம் முழுவதும் வெயில் பரவியிருந்தது, பையன்கள் கால்பந்தோடு இறங்கியிருந்தார்கள், ஒலிபெருக்கியில் எங்கோ சாமி பாட்டு. அந்த இரைச்சலுக்கு நடுவே முப்பிடாதியின் தோளைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, தூங்குகிற வீட்டுக்குள் நடக்கிற மாதிரி தான் பாதத்தை மெல்ல மெல்ல எடுத்து வைப்பதை ஜெபசீலி கவனித்தாள். அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள், பள்ளிக்கூடத்துக்குப் போனாள், முதல் பீரியட் எட்டாம் வகுப்பு, கையைத் தூக்கு, இறக்கு. எத்தனை தடவை தூக்கச் சொன்னாள், எத்தனை தடவை இறக்கச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது, ஒரு பிள்ளை கை வலிக்கிறது டீச்சர் என்ற பிறகுதான் நிறுத்தினாள். போட்டியும் காலையில்தானே வைப்பார்கள், அன்றைக்கு இவளுக்கு என்ன மணியாக இருக்குமோ. இரண்டு மணியாகவே இருக்கட்டும். இரண்டு மணிக்கு இவள் ஓடுகிற ஓட்டத்தை நான் பார்த்துவிட்டேன். அவள் வேண்டும் என்று மட்டும் சொல்லட்டும், மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். சொல்ல வேண்டுமே. பத்து மணி தாண்டியது. பத்தேகால். போனைக் கையிலேயே வைத்திருந்தாள். பத்தரைக்கு அது அதிர்ந்தபோது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று காதில் வைத்தாள். பின்னால் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம், மேனேஜராகத்தான் இருக்கும்.

"யக்கா," என்றது முப்பிடாதியின் குரல், பூனை வயிறு மாதிரி. "விடிஞ்சிட்டு. பேரைக் குடுத்துருங்க."